சிவப்புச் சட்டை எளிது, காக்கிதான் கடினம்

அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த பட அட்டைகளில் வரும் சிப்பாய்களை, கல்லில் வரைந்து அச்செடுக்கும் அன்றைய கல் அச்சு வேலையை ஒட்டி மறுபடி அச்சிட்டுப் பார்க்கிறேன். முதல் படம் முடிந்துவிட்டது. இரண்டாவது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் எடுத்தது நியூயார்க்கின் கின்னி புகையிலை நிறுவனம் 1888இல் ‘ஸ்வீட் கேப்போரல்’ சிகரெட்டுக்காக வெளியிட்ட ராணுவ வரிசை. 600க்கும் மேற்பட்ட சீருடைகள்! ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த குவியலில் இவையும் உண்டு. படங்களை இணையத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம்.

பெரிதாக்கினால் புள்ளிகள். பிற்காலத்து அச்சில் வருவதுபோல் வரிசை கட்டிய புள்ளிகள் அல்ல. சட்டை மடிப்பில் நெருங்கியும் மார்பில் விலகியும் கையால் வைத்தவை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், ஒவ்வொரு கல்லிலும் இந்தப் பொறுமை. நான் கல்லுக்குப் பதில் ட்ரேசிங் ஃபிலிம் என்ற ஒளி ஊடுருவும் தாளை எடுத்துக்கொண்டு, அட்டையைப் போல இரு மடங்கு அளவில், நிறத்துக்கு ஒரு தாளாகக் கறுப்பு மையால் புள்ளி வைத்தேன். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் நண்பர் ஒருவர் அவற்றை ஸ்க்ரீனில், அதாவது மை கசிந்து இறங்கும் அச்சு வலைத் துணியில், ஏற்றிக் கொடுத்தார். மஞ்சளில் தொடங்கிக் கறுப்பில் முடித்தோம். சிவப்பின் மேல் நீலப் புள்ளிகள் விழுந்தபோது சட்டையில் நிழல் தானாக எழுந்தது. அதற்கு முன்பு வரை அது வெறும் சிவப்புத் துண்டு.

பெட்டி நசுங்காமலிருக்க வைத்த அட்டை, அடுத்த பெட்டியை வாங்கத் தூண்டும் படமாக மாறிய கதை பலருக்கும் தெரியும். அதற்குச் சிப்பாய் ஏன் இவ்வளவு வசதி என்பது கை வைத்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஓவியர் செய்யவேண்டிய பாதி வேலையை ராணுவத் தையற்காரர் முன்பே முடித்திருக்கிறார்: அடர்ந்த ஒற்றை நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டை, தலையில் கறுப்புத் தொப்பி. நிற்கும் விதத்தை லேசாக மாற்றி நிறத்தையும் மாற்றினால் அடுத்த அட்டை தயார். வரிசை நூற்றுக்கணக்கில் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இரண்டாவது படம் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரின் வில்ஸ் சிகரெட் நிறுவனம் 1916இல் வெளியிட்ட ‘மிலிட்டரி மோட்டார்ஸ்’ (ராணுவ மோட்டார் வண்டிகள்) வரிசையிலிருந்து. மொத்தம் 50 அட்டைகள். போர்க்காலம் என்பதால், பத்திரிகைத் தணிக்கை அலுவலகம் அனுமதித்தது என்ற வரியுடனும் சில அச்சாகியிருக்கின்றன. இங்கே எல்லாம் சேற்று நிறம். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்தால்தான் காக்கி. நீலம் கூடினால் பாசி, குறைந்தால் செங்கல். சிவப்புச் சட்டையில் ஸ்க்ரீன் மயிரிழை நகர்ந்தால் ஓரம் மட்டும் கெடும். காக்கியில் முழுப் படமும் அழுக்காகிவிடுகிறது.

வில்ஸின் ஓவியர்களுக்கும் பழைய வண்ணங்கள்மீது ஆசை இருந்திருக்கும்போல. வாட்டர்லூ போரின் நூற்றாண்டுக்கென 1915இல் ஒரு வரிசையைத் தயாரித்தார்கள். வாட்டர்லூவில் தோற்ற பிரான்ஸ், 1915இல் முதல் உலகப் போரில் பிரிட்டனின் கூட்டாளி. அதன் மனம் புண்படக்கூடாதென்று அதை வெளியிடவே இல்லை. 1938இல் இன்னும் விசித்திரம். ப்ளேயர்ஸ் என்ற இன்னொரு சிகரெட் நிறுவனத்தின் அட்டைகளில் பிரிட்டிஷ் பேரரசுப் படைகளின் பளபளக்கும் அணிவகுப்புச் சீருடைகள். அதே ஆண்டு வில்ஸ் அட்டைகளில் விமானத் தாக்குதலிலிருந்து தப்பும் வழிமுறைகள். இரண்டுமே இம்பீரியல் டொபாக்கோ குழுமத்தின் நிறுவனங்கள்தான்.

காக்கியை இனி மூன்று நிறங்களால் கட்டப்போவதில்லை. ஒரே மையாகக் கலந்து அடித்து, நிழலுக்கு மட்டும் நீலப் புள்ளி வைக்கப்போகிறேன். வானத்துக்கான தாளை வரைந்து முடித்துவிட்டேன், சக்கரங்கள் பாக்கி.