பாட்டு முன்னே, வெயில் பின்னே

எங்கள் பழைய மாணவர் சங்க மலரில் பள்ளி அதிபர்களைப் பற்றியும் கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றியும் நிறையவே எழுதியாயிற்று. அறுபதுகளின் மாணவர்களுக்குப் பிடித்த இன்னொன்று இன்னும் எழுதப்படாமலே கிடக்கிறது: பொப் பாடகர்கள் நடித்த கடற்கரை விடுமுறைப் படங்கள். எல்விஸ் பிரெஸ்லியும் கிளிஃப் ரிச்சர்டும் முதலில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை வழியாகக் குரலாகத்தான் எங்களிடம் வந்தார்கள். முகம் பின்னால் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படம் என்றால் ரீகல் தியேட்டர். தென்னை, கடல், ஹோட்டல், பத்துப் பன்னிரண்டு பாட்டு, கதை பெயருக்கு. வெறும் விளையாட்டுப் படம் என்று பெரியவர்கள் ஒதுக்கியதை, எப்படி எடுத்தார்கள் என்று அறிந்தபின் ஒதுக்க மனம் வராது.

இந்த வகையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளவேண்டிய படம் 1961 நவம்பரில் வெளிவந்த ‘புளூ ஹவாய்’. தயாரிப்பு ஹால் வாலிஸ், இயக்கம் நோர்மன் டோரோக். பாட்டுகள் எல்லாம் அந்த ஆண்டு மார்ச்சில் ஹொலிவூட்டின் ‘ரேடியோ றெக்கோர்டர்ஸ்’ ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகின. மார்ச் 25இல் ஹவாயின் பேர்ள் துறைமுகத்தில், மூழ்கிய ‘அரிசோனா’ கப்பலின் நினைவிடத்துக்கு நிதி சேர்க்க எல்விஸ் கச்சேரி செய்தார். அதன் பிறகுதான் படப்பிடிப்பு. இசைத்தட்டில் 14 பாட்டு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 20 வாரம் முதலிடம். படம் இசைத்தட்டை விற்றது, இசைத்தட்டு படத்தை விற்றது.

பாட்டை முன்கூட்டியே பதிந்துவிட்டு வாயசைப்பது தமிழ்ப் படம் பார்த்த எங்களுக்குப் புதிதல்ல. இங்கே வாயசைப்பவரே பாடியவர் என்பதுதான் வித்தியாசம். மூச்சு எங்கே எடுத்தேன், எந்தச் சொல்லை இழுத்தேன் என்பது அவருக்கே தெரியும்; தொண்டை நரம்பும் தோளும் பாட்டோடு சேர்ந்தே அசையும். ஆனால் கடற்கரையில் இதை எடுப்பது லேசான வேலையல்ல. படம் செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுகிறது. ஒரு பிரேம் ஓடும் நேரத்தில் காற்றில் ஒலி ஏறக்குறைய 14 மீற்றர்தான் போகும். பதிந்த பாட்டைப் போடும் ஒலிபெருக்கியிலிருந்து 30 மீற்றர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு இரண்டு பிரேம் பிந்தியே கேட்கும். அவர் உதடும் அவ்வளவு பிந்தும். அவர் தனியாக நின்றால் படத்தொகுப்பாளர் இரண்டு பிரேம் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். பாடகர் கிட்டவும் ஆடுகிறவர்கள் எட்டவும் ஒரே ஷொட்டில் நின்றால் ஒருவரைத் திருத்த மற்றவர் பிசகுவார். அதனால்தான் பாறைக்குப் பின்னாலும் தென்னை மரத்தடியிலும் சின்னச் சின்ன ஒலிபெருக்கிகளை ஒளித்து வைப்பார்கள். இன்னொரு தொல்லை ஜெனரேட்டர். அதன் வேகம் நூற்றுக்கு ஒன்று மாறி, அதை நம்பி ஓடும் ஒலிநாடாவும் கூடவே மாறினால், மூன்று நிமிடப் பாட்டின் முடிவில் 1.8 செக்கன் வித்தியாசம் வந்துவிடும். நீண்ட ஷொட்டைத் தவிர்த்து இரண்டு வரிக்கு ஒருமுறை வெட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘புளூ ஹவாய்’ திருமணக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். காவாய்த் தீவின் ‘கோகோ பாம்ஸ்’ ஹோட்டலில், தென்னந்தோப்பு நடுவே உள்ள நீர்நிலையில், பூ அலங்காரத்தோடு மணமக்களின் படகு நகரும். கரையில் கூட்டம், நடுவில் பாட்டு. மேலே சொன்ன தூரச் சிக்கல் முழுவதும் அங்கே உண்டு. படத்தின் மிகப் புகழ்பெற்ற காதல் பாட்டோ கடற்கரையிலேயே இல்லை. காதலியின் பாட்டிக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த ஒரு சின்ன இசைப்பெட்டி அந்த மெட்டை எடுத்துக் கொடுக்க, எல்விஸ் குரலைத் தணித்துப் பாடுகிறார். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாட்டொன்றின் மெட்டு அது. இந்த ஒரு காட்சிக்காகவே படம் நிற்கும்.

வெயிலும் சும்மா கிடைத்ததல்ல. உச்சி வெயிலில் கண்குழியும் மூக்கின் கீழும் கறுத்துவிடும். தென்னோலை நிழல் முகத்தில் வரிவரியாக விழும். வெள்ளித்தாள் ஒட்டிய பலகையால் ஒளியைத் திருப்பி முகத்தில் அடிப்பார்கள். கடற்காற்றில் பலகை ஆடினால் முகத்து ஒளியும் ஆடும். பலகையை இருவர் அசையாமல் பிடிக்கவேண்டும். மணல் இன்னும் பொல்லாதது. கமராவுக்குள் ஒரு பருக்கை போய் படச்சுருள் ஓடும் வாசலில் ஒட்டினால் சுருள் நீளத்துக்கும் கீறல் விழும். ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் அந்த இடத்தைத் துடைத்துப் பார்ப்பது கமரா உதவியாளரின் முதல் கடமை.

எல்லாப் படமும் கடலுக்குப் போனதுமில்லை. 1963இல் வந்த ‘ஃபன் இன் அகாபுல்கோ’ படத்துக்காக எல்விஸ் மெக்சிகோவில் கால் வைக்கவே இல்லை. வேறொரு குழு அகாபுல்கோவை எடுத்து வந்தது. அவர் ஸ்ரூடியோவில், பின்னாலிருந்து திரையில் விழும் அந்தப் படத்தின் முன் நின்று நடித்தார். இந்த முறையில் ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் மூடி (ஷட்டர்) புரொஜெக்டரிலும் கமராவிலும் ஒரே கணத்தில் திறக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்புறக் காட்சி துடிக்கும். நிழல் ஒரு பக்கம், பின்னால் தெரியும் வெயில் மறுபக்கம் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதே ஆண்டு ஃபிராங்கி அவலோனும் அனெற் ஃபுனிசெல்லோவும் நடித்த ‘பீச் பார்ட்டி’ கலிபோர்னியக் கடற்கரையில், கோடைக்கு முந்திய குளிரில் எடுக்கப்பட்டது. கோடை விடுமுறைக்குப் படம் தியேட்டரில் இருக்கவேண்டுமே! அலைமேல் சறுக்கியவர்கள் உண்மையான சறுக்கு வீரர்கள். நடிகர்களின் கிட்டமுகங்கள் ஸ்ரூடியோவில் எடுத்தவை.

கிளிஃப் ரிச்சர்டின் ‘சமர் ஹொலிடே’ எனக்கு எல்விஸ் படங்கள் பலவற்றையும்விட உயர்ந்தது. இயக்குநர் பீற்றர் யேட்ஸின் முதல் படம். நடனம் ஹேர்பேர்ட் றொஸ். தொடக்கம் கறுப்பு வெள்ளையில், மழை கொட்டும் இங்கிலாந்துக் கடற்கரை. பிறகுதான் வர்ணம் வரும். 1963 ஜனவரியில், லண்டன் உறைபனியில் கிடந்தபோது வெளியானது. கதைப்படி லண்டன் சிவப்புப் பஸ் பல நாடுகள் கடந்து ஏதென்ஸ் போகிறது. வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதி கிரேக்கத்திலேயே எடுத்தது. அந்தப் பஸ் ஏ.இ.சி. என்ற பிரித்தானிய நிறுவனத்தின் தயாரிப்பு, ஆர்.ரி. வகை, 9.6 லீற்றர் டீசல் எஞ்சின். லண்டனில் ஓடிப் பழசான இதே வகை இரட்டைத்தட்டு பஸ்களை இலங்கைப் போக்குவரத்துச் சபை வாங்கிக் கொழும்பில் ஓடவிட்டதால் எங்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. சாரதியின் இருக்கை எஞ்சினுக்குப் பக்கத்தில் தனிக்கூண்டு. பயணிகளிடம் அங்கிருந்து நடந்து வர வழியில்லை. ஆகவே ஓட்டுபவரும் உள்ளிருப்பவர்களும் சேர்ந்து பாடுவதாகக் காட்ட, தனித்தனியே எடுத்து இணைக்கவேண்டும். படம் நீளம் போதாமல் ‘பச்செலர் போய்’ பாட்டைப் பின்னால் சேர்த்தார்கள். அது இங்கிலாந்தில், எல்ஸ்ட்ரீ ஸ்ரூடியோவில் எடுத்தது.

தமிழுக்கும் இந்தக் காற்று வந்தது. பொபி டாரின் நடித்து இத்தாலியக் கடலோரத்தில் எடுத்த 1961ஆம் ஆண்டின் ‘கம் செப்டெம்பர்’ கதையே 1966இல் ஏவி.எம்.மின் முதல் வர்ணப்படமான ‘அன்பே வா’ ஆயிற்று. கடலுக்குப் பதில் சிம்லா.

சங்க ஒன்றுகூடலில் இவற்றைத் திரையிட நினைப்பவர்களுக்கு: முழு அகலப் பிரதியைத் தேடி எடுங்கள். மேலே சொன்ன ஆங்கிலப் படங்களில் பெரும்பாலானவை 2.35க்கு 1 என்ற அகலத் திரைக்காக எடுத்தவை. பழைய தொலைக்காட்சிப் பிரதிகளில் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, நடன வரிசையில் ஓரத்தில் நிற்பவர்கள் காணாமல் போயிருப்பார்கள். வர்ணத்தையும் பாருங்கள். ஈஸ்ட்மன் வர்ணப் பிரதிகளில் முதலில் மங்குவது நீலப்பச்சைச் சாயம். எஞ்சுவது ரோஸ் நிறம். கடலே ரோஸாகத் தெரிந்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு, மூலச் சுருளிலிருந்து புதிதாக மீட்டெடுத்ததை வாங்குங்கள்.