ஆறு மாதம் என்கிற கோடு

தம்பி 9 வயதில் ரொறன்ரோ வந்தவன். அம்மாவும் நானும் குடியுரிமை எடுத்துவிட்டோம். அவனுடைய விண்ணப்பம் மட்டும் "பிறகு பாப்பம்" என்று லாச்சிக்குள் கிடந்தது.

26 வயதில் ஸ்காபரோவில் ஒரு பிளாசா வாசலில் சண்டை. போத்தலால் ஒருவரின் தலையில் அடித்துவிட்டான். அந்தப் பிள்ளைக்கு 11 தையல். தம்பி செய்தது பிழை, அதில் எனக்கு இரண்டு கதை இல்லை.

முதலில் பிடித்த சட்டத்தரணி, "குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கோ, ஏழெட்டு மாதத்தோட முடிஞ்சிடும்" என்றார். தலையாட்டிவிட்டோம். என்னோடு வேலை செய்யும் அக்காதான், "பொடியன் சிட்டிசனோ?" என்று கேட்டா. இல்லை என்றதும், குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கையோடு கூட்டிக்கொண்டு போனா.

அவர் சண்டைக் கதையைக் கேட்கவேயில்லை. எந்தப் பிரிவு, எத்தனை மாதம், இரண்டே கேள்வி. ஆயுதத்தால் தாக்கினால் அதிகபட்சம் 10 ஆண்டு. அப்படியான குற்றத்தில் தீர்ப்பு வந்தாலே, ஒரு நாளும் மறியலில் இராவிட்டாலும், நிரந்தர வதிவிடக்காரரை நாடுகடத்தலாம். தண்டனை 6 மாதத்தைத் தொட்டால் நாடுகடத்தலுக்கு எதிரான மேன்முறையீடும் இல்லை. 2013 வரை அந்தக் கோடு 2 ஆண்டில் இருந்தது. தீர்ப்புக்கு முன் உள்ளே இருந்த நாட்களும் கணக்கில் சேரும். வழக்கு நடக்கும்போது குடியுரிமைக்கு ஓடியும் பயனில்லை.

அதே 2013இல் பாம் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனை கொடுக்கும் நீதிபதி குடிவரவு விளைவையும் பார்க்கலாம் என்றது. குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். இதை வைத்து இரண்டு சட்டத்தரணிகளையும் ஒருவரோடு ஒருவர் கதைக்க வைக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது. எல்லா நாட்களையும் சேர்த்து 5 மாதம் விழுந்தது.

வெளியே வந்த பிறகு, அவனை ஏன் நாடுகடத்தக் கூடாது என்று கேட்டு எல்லைச் சேவைகள் முகவரகத்தின் கடிதம். அம்மாவின் டயாலிசிஸ் அட்டவணை, வேலைக் கடிதம், கோபத்தை அடக்கும் வகுப்புச் சான்றிதழ் எல்லாம் கட்டி அனுப்பினோம். அப்படியும் நாடுகடத்தல் உத்தரவு வந்தது. 30 நாளுக்குள் மேன்முறையீடு போட்டோம்.

அந்த மேன்முறையீட்டு விசாரணையில்தான் ஒருவர் அவனைப் பார்த்து, அடிபட்டவரைப் பற்றிக் கேட்டார். தம்பி கனநேரம் வாய்திறக்கவில்லை. பிறகு, வழக்குப் படத்தில் அந்தத் தையல்களை எண்ணிப் பார்த்ததாகச் சொன்னான். எனக்கே அது புதுக்கதை.

உத்தரவை 3 ஆண்டுக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். இடையில் இன்னொரு பாரிய குற்றத்தில் தீர்ப்பு வந்தால் அந்த நிறுத்தம் தானாகவே போய்விடும். முகவரி மாறினால் அறிவிக்கவேண்டும். போன மாதம் பேஸ்மென்டிலிருந்து அதே வீட்டின் மேல்மாடிக்குப் போனதற்கும் அவன் கடிதம் போட்டிருக்கிறான்.