பனி போனதும் வரும் பயம்

அமெரிக்காவில் நான் இருக்கும் வடக்கு டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க்கில் வேலை கிடைத்து வரப்போகிறவர்கள் போன் செய்தால் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். மைனஸ் 30 வருமா, கார் ஸ்டார்ட் ஆகுமா, பிள்ளைகளுக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது. எல்லாம் கேட்க வேண்டியதுதான், நானும் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் ஏப்ரலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பனி போய்விட்டால் கஷ்டம் முடிந்தது என்று நினைக்கிறார்கள், வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். வடக்கு டகோட்டாவில் பனி உருகி முடிவதற்கும் புதுப்புல் தலைகாட்டுவதற்கும் நடுவே சில வாரங்கள் இருக்கின்றன. வருடத்தில் நான் நிஜமாகவே பயப்படும் நாட்கள் அவை.

காற்று எனக்குப் புதிதில்லை. பிறந்தது பணகுடிப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில்தான் வளர்ந்தேன், ஆனி ஆடியில் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போனால் பாதி வழி இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இங்கேயும் சாலையோரம் காற்றாலைகள், இங்கேயும் ராத்திரி முழுக்க ஜன்னல் அதிரும் சத்தம். அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தால், "ஏட்டி, என்ன சத்தம் அது, நம்மூர் காத்து மாதிரில்லா இருக்கு" என்பாள். அந்த ஒற்றுமையை நம்பித்தான் நான் தப்புக்கணக்குப் போட்டேன். நம்மூர்க் காற்று கடலிலிருந்து வருவது, மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு வந்தாலும் முகத்தில் தெளிக்க ஒரு கை சாரல் மிச்சம் வைத்திருக்கும். இந்தச் சமவெளிக்குப் பக்கத்தில் கடலே கிடையாது. மேற்கிலிருந்து வரும் காற்று ராக்கி மலைகளில் ஈரத்தை இழந்துவிட்டு இறங்கி வருகிறது, சில ஏப்ரல் மதியங்களில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கொடியில் போட்ட ஈரத்துணி அரை மணி நேரத்தில் மொறமொறப்பாகிவிடும்.

நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு நகரத்துக்கு வடக்கே, கிராவல் சாலையை ஒட்டி, சுற்றிலும் புல். வந்த முதல் வருடம் சித்திரை ஒன்றாம் தேதிக்கு இன்னும் இரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் செங்கல் வைத்து அடுப்புக் கூட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானையில் சர்க்கரைப் பொங்கல் வைப்பதாக ஏற்பாடு. ஆறு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்களுக்கு வெளியே வெயிலில் நின்று சமைப்பதே ஒரு பண்டிகை. காலை ஒன்பது மணிக்கு இலை அசையவில்லை. முந்தின நாள் மழை வேறு பெய்திருந்தது.

பால் பொங்குவதற்கு முன்னால் பக்கத்துப் பண்ணைப் பெரியவரின் பிக்கப் வண்டி சாலையில் வந்து நின்றது. எழுபது வயதிருக்கும், அதுவரை கையசைப்போடு சரி. இறங்கி வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை, "தண்ணீர்க் குழாய் எங்கே?" என்றுதான் கேட்டார். பானையை இறக்கச் சொல்லிவிட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றினார், குச்சியால் கிளறினார், மறுபடி ஊற்றினார், மறுபடி கிளறினார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையைச் சாம்பலுக்குள் விட்டு, அடி வரைக்கும் தடவிப் பார்த்தார். சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

நேற்று மழை பெய்ததே என்றார் என் கணவர். பெரியவர் சாலையோரத்திலிருந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. மெல்லிய காய்ந்த புல் ஒரு மணி நேரத்துக்குள் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறிவிடும், தீயணைப்புக்காரர்கள் அதை 'ஒரு மணி நேர எரிபொருள்' என்றே சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நேற்றைய மழை நேற்றோடு போய்விட்டது. புல் பச்சையாகும் வரை நாம் பார்ப்பதெல்லாம் போன வருடத்துச் செத்த புல், பனியின் பாரத்தில் படுத்துக் கிடக்கும் வைக்கோல். காலையில் காற்று இல்லாததும் ஏமாற்றுத்தான். வெயில் தரையைச் சூடாக்க ஆரம்பித்ததும் சூடான காற்று மேலே போகும், மேலே வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் காற்று கீழே இறங்கும். அன்றைக்குப் பதினொன்றரைக்கெல்லாம் எங்கள் பந்தல் துணி வேலியில் போய் மாட்டிக்கொண்டது. பொங்கலை உள்ளே மின் அடுப்பில் வைத்து முடித்தோம். எங்கள் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தீ மூட்டத் தடை போட்டிருந்தார்கள், நாங்கள் பார்க்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் தினமும் காலையில் தீ அபாய வரைபடத்தைப் பார்ப்பது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. லோ, மாடரேட், ஹை, வெரி ஹை, எக்ஸ்ட்ரீம் என்று ஐந்து படிகள், ஒவ்வொரு கவுண்டிக்கும் தனித்தனியாக. 'ரெட் ஃபிளாக் வார்னிங்' என்று வானிலைத் துறை அறிவித்தால் காற்று, வறட்சி இரண்டும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்குத் தீக்குச்சியைத் தொடக்கூடாது. தீக்குச்சி மட்டுமில்லை. டிரெய்லரின் சங்கிலி தளர்ந்து தாரில் உரசிப் பொறி பறந்தாலே போதும். வண்டியைக் காய்ந்த புல்மேல் நிறுத்தினால் அடியில் இருக்கும் புகைக்குழாயின் சூடு போதும், அதனால் பிக்னிக் போகும்போது புல்லில் வண்டியை ஏற்றாதீர்கள் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெருங்காற்றில் மின்கம்பி அறுந்து விழுந்தும் பிடிக்கும்.

தீயை நேரில் பார்த்தது அதற்குப் பத்து நாள் கழித்து. மதியம் இரண்டு மணி இருக்கும், தென்மேற்கே ஒரு பழுப்புத் திரை. முதலில் தூசி என்று நினைத்தேன், விதைப்பு தொடங்கும் காலம், உழுத வயல்களிலிருந்து மண் பறப்பதும் உண்டு. அப்புறம் வாசனை வந்தது. ஊரில் நெல் அறுப்பு முடிந்து தாளைக் கொளுத்தும் வாசனை, அதேதான். போனில் எச்சரிக்கை அலறியது, புறப்படத் தயாராக இருங்கள் என்று. பாஸ்போர்ட், விசா காகிதங்கள், மகனின் பிறப்புச் சான்றிதழ், தாலி, மாத்திரை. வேறு என்ன எடுப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். காட்டுத்தீ என்றால் மரம் உயரத்துக்கு எரிவது என்று நினைத்திருந்தேன், இங்கே மரமே இல்லையே. புல்தீ முழங்கால் உயரம், இடுப்பு உயரம்தான், ஆனால் ஓடுகிறது. பெருங்காற்றில் மனிதன் ஓடித் தப்பிக்க முடியாது.

பெரியவர் அதற்குள் டிராக்டரில் சட்டிக்கலப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், அவர் மட்டுமில்லை, நான்கு பண்ணைகளிலிருந்து நான்கு டிராக்டர்கள். தீ வரும் பாதைக்குக் குறுக்கே மண்ணைப் புரட்டிக் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டே போனார்கள், எரிய ஒன்றும் இல்லாத இடத்தில் தீ நிற்கும் அல்லது தயங்கும். தீயணைப்பு வண்டி என்று வந்ததும் பெரிய சிவப்பு வண்டி இல்லை, முதுகில் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய பிக்கப்கள். ஓட்டி வந்தவர்களில் ஒருவர் என் மகனின் பள்ளிப் பேருந்து டிரைவர். இந்த மாநிலத்தில் நகரங்களை விட்டு வெளியே வந்தால் தீயணைப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான், வேலையை அப்படியே போட்டுவிட்டு வருகிறவர்கள்.

அவர்கள் அதிகம் பயப்படுவது காற்று திசை மாறுவதற்கு. தெற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று குளிர்முனை, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, கடந்ததும் சட்டென்று வடமேற்காகும். அதுவரை நீளமாக, ஒடுக்கமாகப் போய்க்கொண்டிருந்த தீயின் பக்கவாட்டு முழுவதும் ஒரே நிமிடத்தில் முகமாகிவிடும், ஓரத்தில் நின்று அணைத்துக்கொண்டிருந்தவர்கள் எதிரே மாட்டிக்கொள்வார்கள். அன்றைக்கு அது இருட்டிய பிறகுதான் மாறியது. அதற்குள் தீ எங்களுக்கு மூன்று மைல் முன்னால் உழுத வயலில் முட்டி அடங்கியிருந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2021 ஏப்ரல் 1 அன்று மேற்கே தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவின் வாசலில் இருக்கும் மெடோரா ஊரையே காலி செய்ய வேண்டி வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் தெற்கு டகோட்டாவில் ராபிட் சிட்டி ஓரத்து வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள், மவுண்ட் ரஷ்மோரை மூடினார்கள். அது மார்ச் மாதம் என்பதைக் கவனியுங்கள்.

எங்கள் சாலையின் மேற்குப் பக்கம் வரிசையாக நிற்கும் வயதான மரங்களை நான் யாரோ அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். பெரியவரின் அப்பா காலத்தில் நட்டவையாம். 1930களில் மண் மொத்தமும் புழுதியாகப் பறந்த வருடங்களில், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு இங்கிருந்து டெக்சாஸ் வரை விவசாயிகளின் நிலங்களில் காற்றைத் தடுக்க 20 கோடிக்கும் மேல் மரங்களை நட வைத்தது. இப்போது அந்த வரிசைகளைத் தாண்டி நடக்கும்போது காற்று விழுவது காதில் தெரிகிறது.

வெளியே விறகடுப்பில் பொங்கல் வைக்கவே முடியாதா என்று ஒருநாள் பெரியவரிடம் கேட்டேன். ஏன் முடியாது, ஜனவரியில் வை என்றார். ஒடிந்த கிளைகளை அவர் கொளுத்துவதே தரையெல்லாம் பனி மூடிய பிறகுதானாம். நமக்கு ஜனவரியில்தானே தைப்பொங்கலே வருகிறது, இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று!

அந்தத் தை ஒன்றுக்கு மைனஸ் 18. பனியை மண்வெட்டியால் அள்ளி ஒதுக்கி, செங்கல் வைத்து, அதே வெண்கலப் பானை. பால் பொங்கியதும் மகன் கத்திய "பொங்கலோ பொங்கல்" வெள்ளைத் தரையில் எங்கேயோ போய்த் திரும்பி வந்தது. பெரியவர் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார், முந்திரியைத் தேடித் தேடி. பனிக்கு அடியில் கிடக்கும் கங்குகூட உயிரோடு இருந்து ஏப்ரலில் எழுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே வாளி வாளியாகப் பனியை அள்ளி அடுப்பில் போட்டோம், தண்ணீரும் ஊற்றினோம், கிளறினோம். அவர் கையுறையைக் கழற்றப் போனார். அதற்கு முன்னால் நான் என்னுடையதைக் கழற்றிவிட்டு, கையைச் சாம்பலுக்குள் அடி வரைக்கும் விட்டுப் பார்த்தேன்.