இடையன்குடி ஆலயத்தில் ஒரு ஞாயிறு

திருநெல்வேலி மாவட்டத்தின் திசையன்விளையைத் தாண்டினால் வயல்கள் மறைந்து, சிவந்த மணலும் பனையும் உடைமரமுமே கண்ணில் படுகின்றன. கிறிஸ்தவ மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் ஐயர் 1841-இல் வந்து சேர்ந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த இடையன்குடி இந்த வறண்ட சீமையில்தான் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு முதல் மணி அடிக்கும்போது நாங்கள் ஆலய வளாகத்துக்குள் நுழைந்தோம்.

பரிசுத்த திரித்துவ ஆலயத்தின் கட்டுமானம் 1847-இல் தொடங்கியது. பிரதிஷ்டை நடந்ததோ 1880-இல். இடைப்பட்ட 33 ஆண்டுகளில் அவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டார், 1877-இல் பேராயராகவும் ஆனார். கோயில் வேலை மட்டும் மெல்லத்தான் நகர்ந்தது. இத்தனை பாடும் புண்ணியம் சேர்ப்பதற்காகத்தானோ என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றக்கூடும்.

அன்றைய பிரசங்கம் வேதாகமத்தின் எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திலிருந்து அமைந்தது. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது தேவனுடைய ஈவு என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வார்கள். குருவானவர் நிறுத்தவில்லை, நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்ற பத்தாம் வசனத்தையும் சேர்த்தே வாசித்தார். இரட்சிப்பைச் சம்பாதிக்க உழைப்பது வேறு, அதைப் பெற்றுக்கொண்டவன் நன்றியால் உழைப்பது வேறு என்றார்.

ஆராதனை முடிந்தபின் வேப்பமர நிழலில் முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இளமையில் பனையேறியவர், மார்பிலும் முழங்கையிலும் மரம் உராய்ந்து காய்த்த தழும்புகள் இன்னும் தெரிந்தன. காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிசாகச் சீவி, அதில் ஊறும் பதநீரைப் பிடிக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவதை விரல்களாலேயே நடித்துக் காட்டினார். பிரசங்கத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "சீவுறது நம்ம வேல ஐயா, ஊறுறது நம்ம கையிலயா இருக்கு? ஆனா ஒரு நாள் சீவாம விட்டா பாளை காஞ்சிரும்" என்றார். கிருபையையும் கீழ்ப்படிதலையும் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை.

கால்டுவெல் 1891-இல் கொடைக்கானலில் மறைந்தார். அவருடைய உடல் இங்கே கொண்டுவரப்பட்டு ஆலயத்தினுள், பலிபீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டது. பிற்பாடு மனைவி எலைசா அம்மையாரும் அங்கேயே அடக்கமானார். இவ்வூர்ப் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு அந்த அம்மையார் பட்ட பாட்டை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

கல்லறையின் முன் முழங்காற்படியிட்டபோது வேறொன்றும் நினைவுக்கு வந்தது. 1849-இல் கால்டுவெல் வெளியிட்ட ஒரு நூல் இப்பகுதி மக்களைத் தாழ்த்தி எழுதியது. படித்த தலைமுறை ஒன்று உருவானதும் அதை எதிர்த்துக் கடுமையான கண்டனம் எழுந்தது. புகழுரைகளில் இதை மறைப்பது சரியென்று எனக்குப் படவில்லை. மன்னிப்பைப் பிரசங்கித்தவருக்கும் மன்னிப்பு தேவைப்பட்டது. அதுவும் தாம் யாருக்குப் பிரசங்கித்தாரோ அவர்களிடமிருந்தே. அந்த நூலில் குறைத்துப் பேசப்பட்டவர்களின் வழிவந்தவர்களே இன்று அதே பலிபீடத்தண்டை நற்கருணை பெறுகிறார்கள். அவரையும் தங்கள் ஐயர் என்றே சொல்லுகிறார்கள்.