எத்தனை பேர், சிஸ்டர்?

மாதக் கடைசியில் ஊரில் என்னைத் தாங்குகிறவர்களுக்கு ஜெபக் கடிதம் அனுப்பினால் ஓரிரு நாளில் வாட்ஸ்அப்பில் பதில்கள் வந்து குவியும். ஸ்தோத்திரம், தொடர்ந்து ஜெபிக்கிறோம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் தவறாமல் ஒரு கேள்வியும் இருக்கும்: "இந்த மாசம் எத்தனை பேர் சிஸ்டர்?"

எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொந்தச் செலவைக் குறைத்துக்கொண்டு எனக்கு அனுப்புகிறவர்கள், கேட்கட்டும். ஆனால் நான் தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், வடக்கு மலாவியில் ஒரு மிஷன் உறைவிடப் பள்ளியில் இயற்பியலும் கணக்கும் நடத்துகிறவள். இந்த மாதம் மூன்றாம் படிவத்துக்கு, அதாவது நம்மூர் பதினோராம் வகுப்புக்கு, திருப்புத்திறன் (விசை ஒரு பொருளைத் திருப்பும் திறன்) பாடத்தை முடித்தேன். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு சங்கடமும் உண்டு. மலாவியில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த லிவிங்ஸ்டோனியா மிஷன் 1875-லேயே மலாவி ஏரியின் தெற்கே கேப் மக்லியரில் இறங்கிவிட்டது. அங்கே மலேரியாவுக்கு ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு 1881-ல் வடக்கே பண்டாவேக்கு நகர்ந்தார்கள். அதுவும் ஏரிக்கரைதான், காய்ச்சல் விடவில்லை. 1894-ல் கொண்டோவே மேட்டுநிலத்துக்கு ஏறிப் போனார்கள். ராபர்ட் லாஸ் என்ற மருத்துவர், முதல் குழுவில் வந்தவர், 1927 வரை இந்த நாட்டில் இருந்தார். 52 ஆண்டுகள்! என் பிள்ளைகளில் பலருக்கு விசுவாசம் கொள்ளுத்தாத்தா காலத்துச் சொத்து. ஞாயிறு ஆராதனையில் நான் இந்தப் பகுதி மொழியான டும்புகாவின் பாட்டுப் புத்தகத்தில் வரியைத் தேடிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்கும் முதல் படிவச் சிறுமி புத்தகத்தைத் திறக்காமலே ஆல்ட்டோ பாடுவாள். அவளை எந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறீர்கள்?

வந்த புதிதில் இங்குள்ளவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. "உங்கள் கடை எது?" மலாவியின் நகரங்களில் இந்தியர்கள் பல தலைமுறையாக வியாபாரம் செய்கிறார்கள். இந்திய முகம் என்றால் கடைக்காரர் முகம். ஆசிரியை என்று சொன்னதும் முகம் மாறும். கணக்கும் இயற்பியலும் என்று சேர்த்துச் சொன்னால் கையைப் பிடித்துக்கொள்வார்கள், அந்த இரண்டு பாடத்துக்கும் ஆள் கிடைப்பது அத்தனை கஷ்டம். மிஷனெரி என்று சொன்னால்தான் நம்ப மாட்டார்கள். மிஷனெரி வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்!

இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இந்த மிஷனின் சரித்திரத்திலேயே ஆதாரம் உண்டு. வில்லியம் கோயி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர், கோசா இனத்தவர், லவ்டேல் பள்ளியில் படித்தவர். 1876-ல் வந்து ங்கோனி மக்கள் நடுவே போய்த் தங்கினார். ஸ்காட்லாந்துக்காரர்கள் தட்டுத்தடுமாறிப் பேசிய இடத்தில் அவருடைய தாய்மொழி ங்கோனிகளின் மொழிக்கு நெருங்கிய உறவாக இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கத் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் அனுமதி தரவில்லை. அதற்குள் சில பையன்கள் இருட்டிய பிறகு திருட்டுத்தனமாக வந்து எழுத்துப் படித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் மாவெலேரா டெம்போ. பிற்பாடு அவர் எழுதிய பாடல்களைத்தான் அந்த ஆல்ட்டோ சிறுமி மனப்பாடமாகப் பாடுகிறாள். கோயி 1886-ல் இங்கேயே இறந்துபோனார். அவர் அனுப்பியிருக்கக்கூடிய எந்த அறிக்கையிலும் அந்த ராத்திரிப் பையன்களை "இத்தனை பேர்" என்று காட்டியிருக்க முடியாது.

சரி, பள்ளிக்கு வருகிறேன்.

விடிவதற்கு முன்னால் விடுதி மணி, கூட்டிப் பெருக்குதல், காலை வழிபாடு, மதியம் வரை வகுப்பு, ராத்திரி மேற்பார்வையில் படிப்பு. உறைவிடப் பள்ளிகள் எங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது. மின்சாரம் மட்டும் இங்கே தன் இஷ்டத்துக்கு வரும். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்று நீர்மின் நிலையங்களிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் அனா புயல் வெள்ளம் கபிச்சிரா நிலையத்தை உடைத்துவிட்டுப் போனபோது ராத்திரிப் படிப்பு முழுக்க சோலார் விளக்கில்தான் நடந்தது. ஆற்றில் வெள்ளம் வந்தால் இஸ்திரிப்பெட்டி ஏன் சூடாகாது என்று வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆய்வகத்தில் சாமான் குறைவு. ஆனால் பள்ளத்தில் ஓர் ஆழ்துளைக் கிணறும் கைப்பம்பும் இருக்கின்றன. திருப்புத்திறன் பாடத்தை நான் கரும்பலகையில் ஆரம்பிப்பதே இல்லை. மொத்த வகுப்பையும் பம்படிக்குக் கூட்டிப்போய், இருப்பதிலேயே வாட்டசாட்டமான பையனைக் கூப்பிட்டுக் கைப்பிடியை அச்சுக்குப் பக்கத்தில் பிடித்து அடிக்கச் சொல்வேன். மூக்கால் மூச்சுவிடுவான், தண்ணீர் வராது. அப்புறம் வகுப்பிலேயே சின்னப் பெண்ணைக் கைப்பிடியின் நுனியைப் பிடிக்கச் சொல்வேன். வாளி நிறையும். சிரிப்பு அடங்கிய பிறகு விசை பெருக்கல் தூரம் என்று எழுதினால் போதும். தினமும் அந்தப் பம்பில் தண்ணீர் அடிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே இந்தப் பாடத்தில் பையன்களைவிடப் பெண்களுக்கு மார்க் கூடுதல். எனக்கு அதில் அல்ப சந்தோஷம் உண்டு.

திரவ அழுத்தத்துக்கு ஏரி. மலாவி ஏரியின் அதிகபட்ச ஆழம் சுமார் 700 மீட்டர். அடியில் தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு? அடர்த்தி 1000, ஈர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துப் போட்டால் 70 லட்சம் பாஸ்கல், ஏறக்குறைய 70 வளிமண்டலம். ஒரு வருஷம், "அந்த அழுத்தத்தில் மீன் எப்படி உயிரோடு இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சில் இருந்த மீனவர் வீட்டுப் பையன், "அவ்வளவு ஆழத்தில் மீனே கிடையாது மேடம், அப்பா அங்கே வலை இறக்கவே மாட்டார்" என்றான். சரியான பதில். சுமார் 250 மீட்டருக்குக் கீழே இந்த ஏரியில் ஆக்சிஜன் இல்லை. உலகில் வேறெந்த ஏரியையும்விட அதிக மீன் இனங்கள் வாழும் ஏரி, ஆனால் எல்லாம் மேல் அடுக்கில்தான். அன்றைக்குப் பாடம் அழுத்தத்தை விட்டுவிட்டு எங்கெங்கோ போனது. போகட்டும் என்று விட்டேன்.

இதையெல்லாம் ஜெபக் கடிதத்தில் எழுதினால், "நல்லாயிருக்கு சிஸ்டர், ஊழியம் எப்படிப் போகுது?" என்று பதில் வரும்.

ஊழியம் எங்கே கடினமாகிறது என்று சொல்கிறேன். கட்டணம். நான்காம் படிவத்துப் பிள்ளைகள் எம்.எஸ்.சி.ஈ. என்ற பள்ளியிறுதிப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். அதில் 1 மிகச் சிறந்தது, 9 தோல்வி. சிறந்த ஆறு பாடங்களைக் கூட்டும்போது எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. எட்டு, ஒன்பது புள்ளி வாங்கக்கூடிய பெண் ஒருத்தி திங்கட்கிழமை காலை பெட்டியோடு வாசலில் நிற்பாள். விடுதிக் கட்டணம் பாக்கி. காலை வழிபாட்டில் கிருபையைப் பற்றிப் பேசிய அதே நிர்வாகம்தான் அவளை வீட்டுக்கு அனுப்புகிறது. நிர்வாகத்தைத் திட்டுவது சுலபம், நானும் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் மக்காச்சோளமும் பீன்ஸும் கடன் வாங்கித்தான் சமையலறை ஓடுகிறது என்று கணக்கரின் நோட்டைப் பார்த்தவளும் நான்தான்.

அப்போது என் சட்டைப்பையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பெண்ணின் அம்மா வந்து முழங்காலிட்டுப் பேசுவார். மரியாதைக்கு முழங்காலிடுவது இங்கே வழக்கம்தான், இருந்தாலும் எனக்கு அது தாங்காது. கையில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடலாம். கொடுத்தால் அன்றோடு நான் ஆசிரியை இல்லை, வங்கி. அந்தப் பெண் என் கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லக்கூடப் பயப்படுவாள். ஆகவே ஒரு ஏற்பாடு: யாருக்காவது கட்ட வேண்டுமென்றால் பள்ளியின் உதவிக் குழுவிடம் கொடுத்துவிடுவேன். யாருக்கு என்று தீர்மானிப்பது அவர்கள். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் என் பெயர் போகாது. ஊரிலிருந்து, "நாங்க தாங்குற பிள்ளையோட போட்டோ அனுப்புங்க, நன்றிக் கடிதம் எழுதச் சொல்லுங்க" என்று கேட்டவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். சிலர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். வருத்தம்தான். ஆனால் வெறுங்காலோடு நிற்கிற பிள்ளையின் படத்தை முகம் தெரிகிற மாதிரி இணையத்தில் போட்டுக் காணிக்கை சேர்ப்பதை நான் ஊழியம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த விஷயத்தில் எனக்குப் பெருந்தன்மை கிடையாது.

பணம் விஷயத்தில் இன்னொன்று. 2023 நவம்பரில் மலாவி ரிசர்வ் வங்கி நாட்டின் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது; ஒரு டாலருக்கு 44 சதவீதம் கூடுதல் குவாச்சா. வெளியிலிருந்து வருகிற என் உதவித்தொகை மறுநாளே குவாச்சாவில் ஏகத்துக்கும் பெருகிவிட்டது. பக்கத்து வீட்டில் இருக்கும் உயிரியல் ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம், அதே எண்ணில் நின்றது. உரம், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் ஏறியது. பள்ளி விட்டதும் அவர் மண்வெட்டியோடு தன் சோளக்கொல்லைக்குப் போவார். விடுதிக் காப்பாளரும் அவர்தான், பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்தான். அவருக்காக யாரும் மாதக் கடிதம் எழுதுவதில்லை. "தியாகம்" என்று என்னைப் பற்றிச் சபை மேடையில் சொல்லும்போதெல்லாம் அவருடைய மண்வெட்டி ஞாபகத்துக்கு வந்து கூச்சமாக இருக்கும்.

ஆசிரியர் கூட்டங்களில் நான் அதிகம் பேசுவதில்லை. ஒருமுறை பேச வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை பெற்றதால் நின்றுபோன மாணவி ஒருத்தி திரும்ப வந்திருந்தாள். அப்படிப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்கலாம் என்ற அரசு விதி 1993-லிருந்தே இருக்கிறது. "இது மிஷன் பள்ளி, மற்ற பெண்களுக்கு என்ன முன்மாதிரி?" என்று இரண்டு பேர் கடுமையாக வாதாடினார்கள். வெளிநாட்டுக்காரி எழுந்து விதியைப் படித்தால் வாதம் என்னைப் பற்றியதாக மாறிவிடும். பெண்கள் விடுதிப் பொறுப்பாளர் அம்மா எழுந்தார். சபையின் பெண்கள் சங்கத்தில் மூத்தவர், எல்லோருக்கும் பயம். "அந்தப் பையன் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவனையும் அனுப்பப் போகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி அந்த அம்மாவுக்கு ஒரு கோப்பை டீ போட்டுக் கொடுத்தேன். என்னுடைய பங்கு அவ்வளவுதான்.

ஆல்பர்ட் நமலாம்பே என்று ஒருவர். இந்த மிஷனில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர், 1881-ல். அதே வருஷம்தான் மிஷனெரிகள் காய்ச்சலுக்குப் பயந்து கேப் மக்லியரை விட்டுக் கிளம்பினார்கள். நமலாம்பே போகவில்லை. அங்கேயே இருந்து பள்ளிக்கூடத்தை நடத்தினார். ஊரில் விடுமுறைக்கு வரும்போது சபைகளில் பேசச் சொன்னால் நான் லாஸைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். புயலில் கப்பல், சிங்கம், மரணப்படுக்கை எதுவும் இவர் கதையில் இல்லை.

இப்போது எங்கள் பள்ளிக்கு முசூசு பல்கலைக்கழகத்திலிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். இங்கேயே படித்தவள், பம்பின் நுனியைப் பிடித்து வாளியை நிறைத்த சின்னப் பெண்களில் ஒருத்தி. நான்காம் படிவ இயற்பியலை அவளிடம் கொடுத்துவிட்டு நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறேன். மின்சுற்றை ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பிள்ளைகள் விழிக்கும் இடத்தில் டும்புகாவுக்குத் தாவி, மறுபடி ஆங்கிலத்துக்கு வந்துவிடுகிறாள். அந்தத் தாவல் எனக்கு எத்தனை வருஷமானாலும் வராது. கரும்பலகையில் எழுத்து மட்டும் கோழி கிளறினது போல் இருக்கிறது, சொல்லியிருக்கிறேன்.

என் தற்காலிக வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். இந்த வேலைக்கு ஏன் ஒரு வெளிநாட்டவர் தேவை என்று பள்ளி காரணம் எழுதித் தர வேண்டும். போன தடவை தலைமையாசிரியர் ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை தாளை மேஜையில் வைத்துக்கொண்டு, "மேடம், இயற்பியலுக்கு என்று எழுதுவதா, கணக்குக்கு மட்டும் என்று எழுதுவதா?" என்றார். கணக்குக்கு மட்டும் என்று எழுதச் சொல்லிவிட்டு வந்தேன். இந்த மாத ஜெபக் கடிதத்தில் அதைத்தான் எழுதப் போகிறேன்.