சதக்

லண்டனுக்கு வந்த முதல் மாதம். ரயில் நிலையத்தில் ஒருவரிடம் "சவுத்வார்க் எப்படிப் போவது?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று முறை சொன்னேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் நிதானமாக. கடைசியில் வரைபடத்தில் பெயரைத் தொட்டுக் காட்டினேன். "ஓ, சதக்!" என்றார். சின்ன வயதிலிருந்து ஆங்கிலம் படித்தவளுக்கு அந்தச் சொல் சதக்கென்றுதான் குத்தியது.

இரவு தூக்கம் வரவில்லை. 'சவுத்' எங்கே போனது? தனியாக நிற்கும்வரை 'சவு' என்று விரிகிற ஒலி, பின்னால் ஏதாவது ஒட்டியதும் பல சொற்களில் 'ச' என்று சுருங்கிவிடுகிறது. சதர்ன் அப்படித்தான். இங்கிலாந்தின் பகுதிப் பெயர்களும் அப்படித்தான்: தென் சாக்சன்கள் என்ற பழங்குடியினரின் நாடு சஸெக்ஸ், தென் மக்களின் நாடு சஃபக். கிழக்குச் சாக்சன்களின் எசெக்ஸில் 'ஈஸ்ட்'டின் நெடிலே குறிலாகிவிட்டது. சதர்ன் ரயில்வே என்று சரியாகச் சொல்லித்தானே வளர்ந்தோம்! அந்த 'ச' எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்புறம்தான் நன்னூலின் திசைப்பெயர்ப் புணர்ச்சி நினைவுக்கு வந்தது. தெற்கும் கிழக்கும் சேர்ந்தால் 'கு' உதிர்ந்து, றகரம் னகரமாகித் தென்கிழக்கு. வடக்கு 'க்கு'வை உதறிவிட்டு வடகிழக்கு. மேற்கு, நாட்டோடு சேர்ந்தால் மேல்நாடு. நம் தெற்கும் ஒட்டும்போது உருமாறுகிறது, இவர்களுடைய சவுத்தும் மாறுகிறது! இரண்டு மொழியிலும் வடக்கும் தெற்கும்தான் முன்னால் நிற்கும். 'கிழக்குவடக்கு' நமக்கு இல்லை, 'ஈஸ்ட்நார்த்' இவர்களுக்கு இல்லை. எழுந்து உட்கார்ந்து சிரித்தேன்.

அழுத்தம்தான் இன்னும் படுத்துகிறது. 'நார்த்ஈஸ்ட்' தனியாக வந்தால் பாரம் 'ஈஸ்ட்'டில். பின்னால் 'விண்ட்' வந்தால் அது பெரும்பாலும் 'நார்த்'துக்குத் தாவிவிடும். தமிழ் நாக்கு எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே பாரம் கொடுத்துப் பழகியது. அதற்கு இந்தத் தாவல் சுலபத்தில் வருவதில்லை.

இப்போது 'சதக்' தயங்காமல் வருகிறது, பழகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வானிலை அறிக்கையில் 'நார்தர்லி' என்று கேட்டால், வடக்கிலிருந்து வருகிற காற்று என்று நான் பொருள் பிரிப்பதில்லை. வாடை என்றுதான் காதில் விழுகிறது. 'சதர்லி' என்றால் தென்றல். கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே, கொண்டல், கோடை என்று மிச்ச இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன்.