இருட்டில் முகம் பார்க்க ஒரு காம்பேக்ட்

லைட் வைத்த காம்பேக்ட், அதாவது கண்ணாடியும் பவுடரும் உள்ள கையடக்க டப்பா, ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. ஆன்லைனில் தேடினால் வரிசையாக வரும். நான் வாங்கிப் பார்த்தவை எல்லாவற்றுக்கும் ஒரே குணம்: கண்ணாடியைச் சுற்றி நீலம் ஓடிய வெள்ளை வெளிச்சம், திறந்த நொடியே கண்ணைக் கூச வைக்கும் பிரகாசம். இருட்டுக்கென்று செய்தவர்கள் ஒருமுறையாவது இருட்டில் திறந்து பார்த்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

இதில் நான் இறங்கக் காரணம், கல்யாண மேக்கப் செய்யும் ஒரு அக்கா. விடியற்கால முகூர்த்தம் என்றால் பெண்ணை மூன்று மணிக்கே உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே ரிங் லைட் இருக்கும், பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகுதான் தொல்லை. காரில் போகும்போது, மேடைக்குப் பின்னால், ரிசப்ஷனில் வீடியோவுக்காக விளக்கை அணைத்திருக்கும் நேரத்தில் என்று டச்-அப் செய்ய வேண்டியதெல்லாம் வெளிச்சம் இல்லாத இடத்தில்தான் வரும். “ஒரு கையில போன் டார்ச், ஒரு கையில பஃப். கண்ணாடிய யாருடி பிடிக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் தொழில் சர்க்யூட் போர்டு டிசைன். சின்ன வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

முதலில் நிறம். சாதாரண வெள்ளை எல்இடி என்பது உள்ளுக்குள் நீல எல்இடிதான். 450 நானோமீட்டர் பக்கத்தில் நீல ஒளி தரும் சில்லின் மேல், மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசி, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிய வைக்கிறார்கள். அந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. தோலின் உயிர்ப்பு இருப்பதோ சிவப்பில்தான். மாநிறத் தோலை மலிவான 6500 கெல்வின் (இந்த எண் ஏற ஏற வெளிச்சம் நீலமாகும், இறங்க இறங்க மஞ்சளாகும்) வெளிச்சத்தில் பார்த்தால் சாம்பல் பூத்தது போலத் தெரியும். அதைச் சரிசெய்ய ரூஜ் கூடுதலாகப் போகும். மண்டபத்து மஞ்சள் விளக்கின் கீழ் வந்து நின்றதும் கன்னம் இரண்டும் தனியாகத் தெரியும். வாங்கி வைத்திருந்த ஒரு காம்பேக்டை அக்காவிடம் கொடுத்தபோது அவர் சொன்னது: “இதுல பாத்தா எல்லாருக்கும் ரெண்டு நாள் ஜுரம் அடிச்ச மாதிரி இருக்கு.”

எல்இடி பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால் இந்த விஷயத்தில் பயனில்லை. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று பொதுவாகச் சொல்லும் எண், எட்டு வெளிர் நிறங்களை வைத்துக் கணக்கிட்ட சராசரி. அழுத்தமான சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு; அது அந்தச் சராசரியில் சேராது. 80 சிஆர்ஐ எல்இடியில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் கேட்ட கடைகளில் “வார்ம் வேணுமா, கூல் வேணுமா” என்பதோடு கேள்வி முடிந்துவிட்டது. ஆர்9 என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் புகைப்பட விளக்குகளுக்காக விற்கும் 95க்கு மேற்பட்ட சிஆர்ஐ உள்ள எல்இடியை, டேட்டாஷீட்டில் ஆர்9 எண்ணும் அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வரவழைத்தேன். விலை அதிகம்தான். இந்தப் பொருளில் காசு போட வேண்டிய இடமும் அதுதான்.

கெல்வின் விஷயத்தில் அக்காவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பகல் வெளிச்சம் மாதிரி 5000 வேண்டும் என்றார் அவர். டச்-அப் முடிந்து அந்த முகத்தைப் பார்க்கப்போகிறவர்கள் மஞ்சள் விளக்கின் கீழ்தான் பார்க்கப்போகிறார்கள், அதனால் 4000 போதும் என்றேன் நான். இரண்டும் வைத்து ஸ்விட்ச் போடலாமே என்றார். இரண்டு வகை எல்இடி என்றால் இடமும் இரண்டு மடங்கு. 4000தான் நின்றது. இன்றைக்கும் அவர் முழு மனதாக ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்பது. இதைத்தான் முழு வட்ட வளையம் வைக்கிறவர்கள் கவனிப்பதில்லை. காம்பேக்டை யாரும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பதில்லை. நெஞ்சுக்கும் தாடைக்கும் நடுவில்தான் பிடிக்கிறார்கள். வளையத்தின் கீழ்ப்பாதி வெளிச்சம் தாடையிலிருந்து மேலே ஏறுகிறது. குழந்தைகளைப் பயமுறுத்த மோவாய்க்குக் கீழே டார்ச் அடிப்போமே, அதே விளைவுதான், கொஞ்சம் மிதமாக. மூக்கின் நிழல் மேலே விழுகிறது, கண்ணுக்குக் கீழ் இருக்கும் கருவளையம் மறைந்துபோகிறது. கருவளையத்தைப் பார்க்க முடியாத கண்ணாடியில் கன்சீலர் எப்படிப் போடுவது? அதனால் கீழ்ப்பக்கத்தைக் காலியாக விட்டு, மேல் வளைவிலும் இரு பக்கமும் மட்டும் எல்இடி வைத்தேன். கண்ணாடியையும் அந்த அளவுக்குக் கீழே இறக்க முடிந்தது.

புள்ளி புள்ளியாக எல்இடி தெரிந்தால் கண் வலிக்கும், கருவிழியில் அந்தப் புள்ளிகளே மின்னும். மேலே பால் நிற அக்ரிலிக் தகடு போட்டால் பரவும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தகட்டுக்கும் எல்இடிக்கும் உள்ள இடைவெளி, இரண்டு எல்இடிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால்தான் புள்ளி மறையும். எட்டு எல்இடி வைத்தால் அந்தத் தூரம் இரண்டு சென்டிமீட்டர் பக்கம் வந்தது. அவ்வளவு தடிமனான மூடியைப் பையில் போட முடியாது. அதனால் எண்ணிக்கையை 24 ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் போகும் கரண்டைக் குறைத்தேன். மொத்தக் கரண்ட் அதேதான். இடைவெளி ஆறு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. இவ்வளவு குறைந்த கரண்டில் எல்இடிகளை ஒன்றாக இணைத்தால் ஒன்று பளிச்சென்றும் பக்கத்தில் உள்ளது மங்கலாகவும் எரியும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் கொடுத்தால் அடங்கிவிடும்.

எவ்வளவு வெளிச்சம் என்பதில்தான் அதிக நேரம் போனது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும்கூட. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால் பளீர் என்று விளக்கு எரிந்தால் பழகியது அத்தனையும் போய்விடும். காம்பேக்டை மூடியதும் படி தெரியாது, செருப்பு தெரியாது. ஆகவே திறந்ததும் மிகக் குறைந்த அளவில்தான் எரிய வேண்டும், வேண்டுமென்றால் பட்டனை அழுத்திக் கூட்டிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். முகத்தில் விழும் வெளிச்சம் முதல் நிலையில் சுமார் 10 லக்ஸ், அடுத்தது 30, கடைசி 60.

ஆனால் மிகக் குறைத்தாலும் சிக்கல். மங்கிய வெளிச்சத்தில் கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் பின்வாங்கி, இருட்டில் பார்க்க உதவும் தண்டு செல்கள் கை கொடுக்கத் தொடங்கும். அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்கின்யே 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னது இது: அந்தி சாயும்போது சிவப்புப் பூக்கள் முதலில் கறுக்கும், நீலம் கடைசிவரை தெரியும். எல்இடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 10 லக்ஸில் மெரூன் லிப்ஸ்டிக் கறுத்துத்தான் தெரியும். முதல் நிலை பொட்டு நேராக இருக்கிறதா, மை கலைந்திருக்கிறதா என்று பார்க்க மட்டுமே. உதட்டு நிறத்துக்கு இரண்டாம் நிலை வேண்டும். மூன்றாம் நிலையின் உச்சத்தை முடிவு செய்தது கண்மை. மை இட முகத்தை உயர்த்திக் கண்ணைத் தாழ்த்திக் கண்ணாடிக்கு மிக அருகில் வருவார்கள். அந்த நிலையில் கண் கலங்காத அளவுதான் எல்லை.

பிரகாசத்தைக் குறைக்கச் சுலபமான வழி, விளக்கை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து அணைத்து எரியவிடுவது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அக்கா ரீல்ஸ் எடுக்கிறவர். போன் கேமராவில் முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஓடும். அதனால் கரண்டையே கூட்டிக் குறைக்கும் முறைக்குப் போனேன்.

பேட்டரிக்குப் பலரும் சிஆர்2032 பட்டன் செல் வைக்கிறார்கள். அதன் மின்னழுத்தம் 3 வோல்ட், வெள்ளை எல்இடிக்குத் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட அதே 3 வோல்ட், மிச்சமே இல்லை. அந்த செல் கைக்கடிகாரம் போல மெல்ல மெல்லக் கரண்ட் கேட்கும் பொருளுக்கானது. குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்ற ஆபத்து வேறு. நான் 150 மில்லிஆம்பியர்-மணி கொண்ட சின்ன லித்தியம் பாலிமர் செல் வைத்தேன். நடு நிலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் எரியும். ஒரு டச்-அப் இரண்டு நிமிடம் என்றால் கல்யாண சீசனில் வாரத்துக்கு ஒரு சார்ஜ்கூட அதிகம்.

இங்கே செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கடையில் கிடைக்கும் டிபி4056 சார்ஜர் போர்டு ஒரு ஆம்பியரில் சார்ஜ் செய்யும்படி 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு வருகிறது. இவ்வளவு சின்ன செல்லுக்கு அது அபாயம். அந்த ரெசிஸ்டரை 10 கிலோ ஓமாக மாற்றினால் 130 மில்லிஆம்பியருக்கு இறங்கும். இன்னொன்று, யூஎஸ்பி சி சாக்கெட்டில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். மலிவான போர்டுகளில் அதை விட்டுவிடுகிறார்கள். அப்போது இரு முனையும் சி ஆக உள்ள கேபிளில் சார்ஜே ஏறாது, வாங்கியவர் பொருள் பழுது என்று திருப்பி அனுப்புவார்.

கீல்தான் இயந்திர வேலையில் தலைவலி. பேட்டரியைக் கீழ்த் தட்டில் வைத்தால் எடை சரியாக இருக்கும், ஆனால் ஒயர் கீலைத் தாண்டி மேலே போக வேண்டும். தினமும் திறந்து மூடும் பொருளில் முதலில் அறுவது அந்த ஒயர்தான். எல்லாவற்றையும் மூடிக்குள்ளேயே வைத்தேன். உடனே மூடி கனத்து, மேசையில் திறந்து வைத்தால் பின்னால் சாய்ந்தது. கீல் 115 டிகிரிக்கு மேல் திறக்காதபடி தடுத்து, பவுடர் தட்டின் அடியில் ஒரு இரும்புத் தகடு போட்டதும் நின்றது. கையில் எடுத்தால் கொஞ்சம் கனம்தான். அக்காவுக்கு அந்தக் கனம் பிடித்துவிட்டது, விலை உயர்ந்த பொருள் போல இருக்கிறதாம்.

திறந்ததும் தானே எரிய, சின்ன மைக்ரோ ஸ்விட்ச் வைப்பது வழக்கம். பவுடர் பறக்கும் இடத்தில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மூடி ஒட்டிக்கொள்ள எப்படியும் கீழ்த் தட்டில் காந்தம் இருக்கிறது. அதையே உணரும் ஹால் சென்சார் ஒன்றை மூடிக்குள் புதைத்துவிட்டேன். ஓட்டை இல்லை, தேய்மானம் இல்லை. பைக்குள் தானாகத் திறந்துகொண்டால் பேட்டரி காலியாகாமல் இருக்க, சில நிமிடத்தில் ஒருமுறை மங்கி எச்சரித்துவிட்டு அணையும்.

மாதிரியை முதலில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் போட்டேன். உருவம் பார்க்க நல்லது, அதற்கு மேல் ஆகாது. அறுபது டிகிரியிலேயே இளகிவிடும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் அது தாங்காது. கண்ணாடிக்கும் அக்ரிலிக் வேண்டாம். மெல்லிய அக்ரிலிக் லேசாக வளைந்தாலே முகம் கோணும். உண்மைக் கண்ணாடியே வைத்து, உடைந்தால் சிதறாமலிருக்கப் பின்னால் பிலிம் ஒட்டி, நுரை டேப்பில் பொருத்தினேன்.

அக்கா அதைத் திருச்சிக்குப் போகும் இரவு ரயிலில் கொண்டுபோனார். விடியும் முன் பர்த்தில் உட்கார்ந்தபடி திறந்திருக்கிறார். எதிர் பர்த்திலிருந்த பெரியவர், “என்னம்மா, ஸ்டேஷன் வந்துடுச்சா?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். முகத்துக்கு அளவான வெளிச்சம்தான், ஆனால் பக்கவாட்டில் கசிந்து போயிருக்கிறது. அக்ரிலிக் தகட்டை நான்கு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றிலும் உயர்ந்த கறுப்பு விளிம்பு வைத்தேன். நேரே பார்ப்பவருக்கு எந்தக் குறைவும் இல்லை. பக்கத்தில் இருப்பவருக்கு விளிம்பில் ஒரு மங்கல் கோடு மட்டும் தெரியும். தியேட்டரிலும் இதே விளிம்புதான் மானம் காக்கும்.

அம்பத்தூரில் இன்ஜெக்ஷன் மோல்டுக்கு விலை கேட்டேன். லட்சங்களில் போகிறது, ஆயிரக்கணக்கில் விற்கும் நம்பிக்கை இருந்தால்தான் அந்தப் பக்கம் போகலாம். இப்போதைக்குச் சிலிகோன் அச்சில் பாலியூரிதேன் வார்த்துச் சில்லறையாகச் செய்கிறேன். பவுடர் நிரப்பாமல் காலி டப்பாவாகத்தான் கொடுக்கப்போகிறேன். பவுடரோடு தயாரித்து விற்பது 2020 காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி உரிமம் வாங்கிச் செய்ய வேண்டிய தனித் தொழில். செல் வாங்கும்போது லித்தியம் செல்லுக்கான பாதுகாப்புத் தரமான ஐஎஸ் 16046 பதிவு உள்ளதா என்று பார்த்து வாங்குகிறேன். வடிவத்தை டிசைன் சட்டப்படி பதிந்தால் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் பாதுகாப்பு உண்டு. ஆனால் விண்ணப்பிக்கும் முன் வெளியே காட்டிவிட்டால் புதுமை போயிற்று என்று ஆகிவிடும். படம் ஒன்றுகூட இங்கே போடாததற்குக் காரணம் அதுதான்.

அக்கா இப்போது லிப்ஸ்டிக்குக்கும் ஒரு சின்னத் தட்டு வேண்டும் என்கிறார். அதற்கு இடம் விட்டால் இரும்புத் தகட்டைப் பாதியாக வெட்ட வேண்டும், மூடி மறுபடி சாயும். முடியாது அக்கா என்றேன். “மொதல்ல லைட்டும் முடியாதுன்னுதானே சொன்ன” என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை.